பூண்டுத் தோடும் பால்பாயின்ட் பேனாவும்

2020-ம் வருஷம், ஏப்ரல் 30, வியாழக்கிழமை. மொட்டை மாடி சிமென்ட் தரையில் அப்பளம் பொரிக்கலாம் போலிருந்த ஒரு காலை பதினோரு மணி. நான் தலையில் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, அப்பாவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காதையும் தாடையையும் சேர்த்துப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டு, ஹால் ஜன்னலோரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் சுவரில் நகைக்கடை காலண்டர்.

எதிரே செல்போனும் கையுமாக மனைவி. "மூஞ்சியை இன்னும் கொஞ்சம் சோகமா வெச்சுக்குங்க."

"இதுக்கு மேல சோகம் வராதும்மா. இந்த மாசம் பாதி சம்பளம்தான்னு இப்பத்தான் மெயில் வந்திருக்கு."

"அப்ப சரி, அப்படியே இருங்க."

போட்டோ எடுத்து முடிப்பதற்குள் வீட்டு ஓனரிடமிருந்து போன். எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவருக்குத் தகவல் கொடுத்துவிட்டாள். தலையில் கட்டு, ஏப்ரலில் ஸ்வெட்டர், முகத்தில் வாட்டம். சந்தேகமே இல்லை, அதேதான்!

"சார், உடம்புக்கு ஏதாவது...?" ஓனர் குரலில் கரிசனத்தை விட பயம் அதிகம்.

"ஒண்ணுமில்லை சார். நான் வான்கா."

"யாரு?"

"வான்கா சார். ஹாலந்துக்காரர்."

மறுமுனையில் ஐந்து விநாடி நிசப்தம். "உங்க வீட்டுல வெளிநாட்டுலேர்ந்து யாராவது வந்து தங்கியிருக்காங்களா?"

அவரைச் சமாதானப்படுத்த அரைமணி ஆயிற்று. உங்களுக்காவது முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் நடுவில் ஐரோப்பாவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ், பள்ளிக்கூடம், ஹோட்டல், கடைசியில் மியூஸியமும். அப்போது ஆம்ஸ்டர்டாமில் அன்னெலோஸ் ஆஃபிஸியர் என்ற பெண்மணிக்கு (பெயரிலேயே ஆபீஸர், பாருங்கள்) வீட்டுக்குள் பொழுது போகவில்லை. கூட அதே வீட்டில் குடியிருந்த தோழிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். ஏதாவது ஒரு புகழ்பெற்ற ஓவியத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் கைக்குக் கிடைக்கிற மூன்றே சாமான்களை வைத்து அதே மாதிரி வேஷம் கட்டி போட்டோ எடுக்க வேண்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டியது. பக்கத்துக்குப் பெயர், 'கலைக்கும் க்வாரன்டைனுக்கும் நடுவில்'.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்'. தி ஹேக் நகரத்து மியூஸியத்தில் இருக்கிறது. நீலமும் மஞ்சளுமாகத் தலைப்பாகை கட்டி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாளே, அந்தப் பெண். தலைப்பாகைக்கு டவல். முத்துக்கு?

ஒரு பல் பூண்டு!

இதில் ஒரு தமாஷ் உண்டு. அவ்வளவு பெரிய முத்து சாத்தியமில்லை, கண்ணாடியாகவோ பளபளப்பான தகரமாகவோதான் இருக்கும் என்று சில ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரிஜினலே டூப்ளிகேட் என்றால் பூண்டு என்ன பாவம் செய்தது?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூஸியம் இந்தப் பக்கத்தை நாலு பேருக்குக் காட்டியது. மார்ச் 25 அன்று (நம் ஊரில் ஊரடங்கு ஆரம்பித்த அதே நாள்) அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து கெட்டி மியூஸியம் இதையே ஒரு சவாலாக அறிவித்தது. அவ்வளவுதான். பதினாயிரக்கணக்கில் போட்டோக்கள் குவிந்தன. பெட்ஷீட் போர்த்திய மாதாக்கள், டாய்லெட் பேப்பரில் செய்த கழுத்துச் சுருக்குகள், பிரபுக்கள் இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்த நாய்கள்... எனக்குப் பிடித்தது ஒன்று. கெட்டி மியூஸியத்தில் நாலாயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான ஒரு சலவைக்கல் பொம்மை இருக்கிறது. கிரேக்கத் தீவுகளைச் சேர்ந்தது, யாழ் மீட்டும் மனிதன். ஒரு பெண்மணி நாற்காலியில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, யாழுக்குப் பதில் வாக்வம் க்ளீனரை அணைத்துக்கொண்டு போஸ் கொடுத்திருந்தார். அச்சு அசல்! இதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டு கிரைண்டரை என்னால் பழைய மரியாதையோடு பார்க்க முடியவில்லை.

ரஷ்யாவில் இதற்கென்று ஃபேஸ்புக்கில் தனி சங்கமே ஆரம்பித்து லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். கெட்டி மியூஸியம் அந்த வருஷமே நல்ல படங்களைப் பொறுக்கி ஒரு புத்தகமும் போட்டது. அதன் லாபம், தொழில் இழந்து நின்ற கலைஞர்களின் நிவாரண நிதிக்கு.

நம்ம ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கே தெரியும். டால்கோனா காப்பிக்குக் கை ஓயக் கலக்கிக்கொண்டிருந்தோம். தூர்தர்ஷனில் மறுபடி ராமாயணம். கபசுரக் குடிநீர். ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் காலை ஐந்தரைக்கே ரோஜாப்பூவுடன் குட்மார்னிங். அந்தக் குரூப்பில்தான் என் வான்காவைப் போட்டேன்.

வான்காவை ஏன் பிடித்தேன் என்றால், சென்னைவாசிக்கு அதுதான் சுலபம். மார்கழி மாசம் பால் வாங்கப் போகிற எந்தப் பெரியவரும் முக்கால்வாசி வான்காதான். 1888 டிசம்பரில், பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊரில், மனசு நிலைகொள்ளாத ஒரு ராத்திரி அவர் தன் இடது காதை அறுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், 1889 ஜனவரியில், கட்டுப் போட்ட காதோடு கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னையே வரைந்தார். ரோமத் தொப்பி, பச்சைக் கோட்டு, பின்னால் சுவரில் ஒரு ஜப்பானியப் படம். அந்த ஓவியம் இப்போது லண்டனில் இருக்கிறது. ஜப்பானியப் படத்துக்குப் பதில் என்னிடம் நகைக்கடை காலண்டர்.

போட்ட இரண்டாவது நிமிஷம் மானேஜர் கட்டைவிரல் காட்டினார். பதினெட்டு பேர் காட்டினார்கள். செக்ஷனில் என் பக்கத்து மேஜை நண்பன் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்.

'காது மாத்திக் கட்டியிருக்கேடா.'

சண்டைக்குப் போனேன். 'இடது காதுதானே அறுத்துக்கிட்டாரு? இடது காதுலதான் கட்டியிருக்கேன்.'

'அவர் கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சாரு. படத்துல கட்டு வலது காதுலதான் இருக்கும். போய்ப் பாரு.'

பார்த்தேன். ஒரு மணி நேரம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேஷம் கட்டியிருந்தேன். கண்ணில் படவில்லை! அவன் சொன்னதும்தான் மற்றதெல்லாமும் தெரிந்தது. கோட்டில் ஒரே ஒரு பித்தான் போட்டிருக்கிறார். கண் நம்மைப் பார்க்கவில்லை, நம்மைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது.

'உனக்கு எப்படிடா இதெல்லாம்?'

'ஸ்கூல்ல டிராயிங் வருமே. விட்டுப்போச்சு. உன் கூத்தைப் பார்த்ததும் கை அரிக்குது. எனக்கு வேஷம் எல்லாம் வராது. பேனாவால பார்த்துக்கறேன்.'

மறுநாள் மே தினம். குரூப்பில் ஒரு படம் வந்தது. பழைய கம்ப்யூட்டர் ஷீட்டின் பின்பக்கம், ஓரத்தில் வரிசையாகத் துளையோடு, நீல பால்பாயின்ட் பேனாவில் ஒரு மிக்ஸி ஜார். மூலையில் 'நாள் 1'. அடுத்த நாள் செருப்பு ஸ்டாண்ட், 'நாள் 2'. அப்புறம் ஃபேன் ரெகுலேட்டர். அவன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி. அரைக்கிலோ புளி!

முதல் பத்து நாள் நாங்கள் பாராட்டினோம். அப்புறம் கட்டைவிரல். அப்புறம், உள்ளதைச் சொல்கிறேன், படத்தைத் திறக்காமலே கட்டைவிரல்.

இவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நடுவில் பீட்டர் பிராத்வைட் என்று ஒரு பாட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் இந்த விளையாட்டை விளையாட்டாக விடவில்லை.

இங்கிலாந்துக்காரர். ஆப்பெராவில் பாடுகிறவர். கறுப்பினத்தவர். ஊரடங்கில் தியேட்டர்கள் மூடியதும் கச்சேரி எல்லாம் ரத்து. கெட்டி சவாலைப் பார்த்ததும் அவரும் வேஷம் கட்ட உட்கார்ந்தார். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் தன்னைப் போல் இருக்கிற மனிதர்களைத் தேடினார். இருந்தார்கள். ஆனால் எங்கே? சீமாட்டியின் பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு, சீமானின் குதிரையைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில், பெயர் இல்லாமல். ராஜாக்களும் ஞானிகளும் அபூர்வமாக அங்கங்கே. ஓவியத்துக்கு 'கறுப்பு வேலைக்காரன்' என்று தலைப்பு. அவ்வளவுதான் அவன் விலாசம்.

பிராத்வைட் அவர்கள் ஒவ்வொருவராகத் தன் வீட்டுக்குள் மாறினார். பாட்டியின் ஒட்டுத்துணிப் போர்வை ராஜ அங்கி ஆயிற்று. அவர் குடும்பம் பார்படோஸ் தீவிலிருந்து வந்தது. அந்த ஊர்ச் சமையலில் களி கிண்டுகிற மரத்துடுப்பு செங்கோல் மாதிரி கைக்கு வந்தது. ஒரு படம், இரண்டு படம் என்று ஆரம்பித்து ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தத் தேடலோடு தன் வம்சத்தையும் தேடினார். முன்னோர்களில் அடிமைகளும் இருந்தார்கள், அடிமைகளை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ரத்தத்தில்! 2023-ல் கெட்டி மியூஸியமே அவர் படங்களைத் தனிப் புத்தகமாகப் போட்டது. அதே வருஷம் பிரிஸ்டல் நகரத்தில் கண்காட்சி. அதில் ஒரு பகுதி நடந்த வீடு எது தெரியுமா? பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சர்க்கரை வியாபாரி, அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர், தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை. வேலைக்காரனாக ஓரத்தில் நின்றவன், முன்வாசல் வழியாக உள்ளே போய்ச் சுவர் நடுவில் நின்றான்.

கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து படம் போடுவது 2020-ல் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர். ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் உலகப் போரில் சண்டையிட்ட நாடுகள் செய்தியை அமுக்கிவிட்டன. நடுநிலை வகித்த ஸ்பெயின் பத்திரிகைகள் உண்மையை எழுதின, பழி வந்து சேர்ந்தது. 1918-ல் பம்பாய் துறைமுகம் வழியாக இங்கேயும் இறங்கி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் பேரைக் கொண்டுபோயிற்று.

நார்வேயில் எட்வர்ட் முன்ச் என்ற ஓவியருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயசு. பாலத்தின் மேல் நின்று இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு உருவம் அலறுகிறதே, 'அலறல்', அதை வரைந்தவர் இவர்தான். (செல்போனில் பயந்த மூஞ்சி பொம்மை அனுப்புகிறீர்களே, அதற்குத் தாத்தா!) நோய்க்கும் இவருக்கும் பழைய பகை. ஐந்து வயசில் காசநோய்க்கு அம்மாவைக் கொடுத்தார், பதினாலு வயசுக்குள் அக்காவைக் கொடுத்தார். அக்கா படுக்கையில் கிடந்த காட்சியை நாற்பது வருஷத்தில் ஆறு தடவை எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்.

1919-ல் தன்னையே வரைந்தார். 'ஸ்பானிஷ் ஃப்ளூவுடன் சுயசித்திரம்'. ஆஸ்லோ தேசிய மியூஸியத்தில் இருக்கிறது. பிரம்பு நாற்காலி. டிரெஸ்ஸிங் கவுன், மடியில் கம்பளி. பின்னால் கலைந்த படுக்கை. தலைமுடி உதிர்ந்த, வெளிறிய முகம் நம் பக்கம் திரும்பி வாயைத் திறந்திருக்கிறது. பேச வந்தாரா, மூச்சு வாங்குகிறாரா, சொல்ல முடியாது. நிஜமாகவே அவருக்கு அந்தக் காய்ச்சல்தானா, சும்மா சளி ஜுரமா என்று சில சரித்திரக்காரர்கள் இப்போது சந்தேகப்படுகிறார்கள். 2020-ல் இரண்டு தும்மல் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். முன்ச் பிழைத்துக்கொண்டார். எண்பது வயசு வரை இருந்து 1944-ல் போனார்.

வியன்னாவில் எகான் ஷீலேவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

1918 பிப்ரவரியில் அவருடைய குரு ஸ்தானத்தில் இருந்த குஸ்டாவ் கிளிம்ட் இறந்துபோனார். பக்கவாதம், அதன் பின்னால் நிமோனியா. ஷீலே ஆஸ்பத்திரிப் பிணவறைக்கே போய்க் குருவின் முகத்தை வரைந்துவிட்டு வந்தார். அடுத்த மாசமே வியன்னாவில் ஒரு பெரிய கண்காட்சி. ஷீலேயின் படங்கள் விற்றுத் தீர்ந்தன. அதுவரை கஷ்டஜீவனம்தான். நடுவில் ஒரு தடவை ஜெயில் வேறு. இப்போதுதான் பணம் வருகிறது, பேர் வருகிறது, பெரிய ஸ்டூடியோ பார்க்கிறார். மனைவி ஈடித் கர்ப்பம். வயசு இருபத்தெட்டு. உங்களில் பாதிப் பேர் வயசு!

அந்த வருஷம் அவர் வரைந்த ஒரு பெரிய படம் வியன்னாவில் பெல்வடேர் அரண்மனை மியூஸியத்தில் இருக்கிறது. 'குடும்பம்' என்று பெயர். குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒருவன். அவன் முன்னால் ஒரு பெண். அவள் காலடியில் ஒரு குழந்தை. அவன் ஷீலேதான். பெண் சாயலில் ஈடித் இல்லை என்கிறார்கள். அந்தக் குழந்தை நிஜத்தில் பிறக்கவே இல்லை. அக்டோபர் 28-ம் தேதி, ஆறு மாசக் கர்ப்பிணியாக, ஈடித் அந்தக் காய்ச்சலில் இறந்தாள். முந்தின நாள் ஷீலே படுக்கையோரம் உட்கார்ந்து கறுப்பு க்ரேயானில் அவள் முகத்தை வரைந்தார். சில கோடுகள்தான். தலையணையில் சரிந்த தலை, பாதி மூடிய கண். அதன் பிறகு அவர் வரையவில்லை. 31-ம் தேதி அவரும் போய்விட்டார்.

மனைவி இழுத்து இழுத்து மூச்சு விடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஒருவனால் படம் போட முடியும்? கல்நெஞ்சமா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வேறு ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, வான்கா, ஷீலேன்னு ஊர்ப்பட்ட ஆம்பளைங்களைச் சொல்றீங்களே. ஊரடங்குன்னு ஊரே அடங்கினப்பவும் நான் விடிகாலையில வாசல்ல புள்ளி வெச்சுக் கோலம் போட்டேனே, அதுக்கு என்ன பேரு?"

"அது தினமும் போடறதுதானே..."

"அதான் கேட்டேன்."

பதில் இல்லை. வாசலைத் தாண்டாத நாங்களேதான் அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று மாசத்தில் ஒரு நாள் கூட அதை நான் போட்டோ எடுக்கவில்லை. பூண்டுத் தோட்டுக்கு லைக் போட்டேன்.

வயசாளி ஒருவரையும் சொல்ல வேண்டும். டேவிட் ஹாக்னி, இங்கிலாந்து ஓவியர். ஊரடங்கு வந்தபோது வயசு எண்பத்திரண்டு. பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் கிராமத்து வீட்டில் மாட்டிக்கொண்டார். ஐபேடை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் மொட்டை மரம், மொட்டு, பூ என்று தினமும் வரைந்தார். டாஃபடில் பூக்களை வரைந்து, வசந்தத்தை எவனும் ரத்து செய்ய முடியாது என்ற பொருளில் தலைப்பு வைத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அது உலகமெல்லாம் சுற்றிற்று. மொத்தம் 116 படங்கள். 2021-ல் லண்டன் ராயல் அகாடமியில் மாட்டினார்கள். ஊரெல்லாம் சுவரில் திருட்டுத்தனமாகப் படம் போடுகிற பேங்க்ஸிக்கு வெளியே போக வழியில்லை. தன் வீட்டு பாத்ரூமிலேயே எலிகளாக வரைந்து தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்தால் மனைவிக்கு ஆவதில்லை என்று குறிப்பு எழுதினார். உலகப் புகழ் பெற்றாலும் வீட்டில் நிலைமை அதுதான்!

இதனால் உடம்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிற நடைமுறைவாதிகளுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற பேராசிரியை 2016-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். முப்பத்தொன்பது பேரை உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் களிமண், ஸ்கெட்ச் பேனா, காகிதம் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு இஷ்டப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, டென்ஷன் ஏறினால் ஏறுகிற கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு இறங்கியிருந்தது. கலை கற்றவர், கோடு போடத் தெரியாதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. சின்ன சோதனைதான். முக்கால் மணி நேரம் மானேஜர் கண்ணில் படாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே எனக்கு இறங்கும். அதனால் ரொம்பத் தூக்கிப் பிடிக்கவில்லை.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் நிறுத்தவில்லை. ஊரடங்கு தளர்ந்து, ஆபீஸ் திறந்து, நாங்கள் மாஸ்க்கோடு டீ குடிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் தினமும் ஒரு படம். மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவசரமாக வரைவான். என் ஸ்டேப்ளரை வரைந்திருக்கிறான், நாள் 212. "ஏன்டா, வரைய வேற நல்ல பொருளே கிடைக்கலையா?" என்றேன். "உன் ஸ்டேப்ளர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டான். எட்டு வருஷம். "அது மேல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம சொல்லு." தெரியவில்லை.

2021 மே. இரண்டாவது அலை. உங்களுக்கு நினைவிருக்கும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தலையைக் கூடத் திருப்பாத நாட்கள் அவை. 9-ம் தேதி அவனுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கும் படம் வந்தது. நாள் 374. ஸ்டீல் ஸ்டாண்டில் தொங்குகிற பாட்டில். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்திருந்தான். குரூப்பில் எல்லோரும் கும்பிடுகிற கை பொம்மை போட்டோம். அடுத்த நாள் பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அப்புறம் ஃப்ளாஸ்க். தன் இடது கை. 15-ம் தேதி சாயங்காலம் நாள் 380 வந்தது. நான் ரெம்டெசிவிர் எங்கே கிடைக்கும் என்று வேறு ஒருவருக்காகப் போனில் கத்திக்கொண்டிருந்தேன். திறக்காமல் கட்டைவிரல் அனுப்பினேன்.

நாள் 381 வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தது செய்தி மட்டும்தான்.

ஆகஸ்டில் அவன் மனைவி போன் பண்ணினார். "அண்ணா, வீட்டுல போட்ட படமெல்லாம் பீரோவுல இருக்கு. ஆஸ்பத்திரியில வரைஞ்சது மட்டும் இல்லை. அவர் பை, துணிமணி எதுவுமே கைக்கு வரலை. போனும் வரலை. குரூப்புல அனுப்பினாராமே. உங்ககிட்ட இருக்குமில்ல? பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

"இருக்கும்மா, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்தேன். இல்லை. ஜூலையில் 'இடம் போதவில்லை' என்று செல்போன் கத்தியபோது, குரூப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்திருந்தேன். குட்மார்னிங் ரோஜாக்களோடு சேர்த்து ஏழு படங்கள்.

இருபத்திரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் புதுப் போன் வாங்கிவிட்டார். ஒருவருக்குப் படங்கள் தானாக இறங்காதபடி செட்டிங்காம். மானேஜர் குரூப்பையே மௌனத்தில் வைத்திருந்தார். ஷீலேயின் கடைசிக் கோடுகளை நூறு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். என் பக்கத்து மேஜைக்காரனுடையது மூன்று மாசம் தாங்கவில்லை.

கடைசியில், கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி பெரியவர். ஊரடங்கில் எப்போது கேட் திறக்கணும் என்று சொல்வதற்காக அவரையும் குரூப்பில் சேர்த்திருந்தோம். அதற்கப்புறம் நீக்க மறந்துவிட்டோம். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டேன்.

"அந்தத் தம்பி படமா சார்? எல்லாம் இருக்கு."

"எல்லாமா?"

"மிக்ஸியிலேர்ந்து இருக்கு சார். எனக்கு எதையும் அழிக்கத் தெரியாது."

கேட் பக்கத்தில் நின்றுகொண்டே நாள் 380-ஐ முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி ஜன்னல். கிராதிக் கம்பிகள் ஒவ்வொன்றாக, கோணல்மாணலாக, நாலாவது கம்பி பாதியில் நின்றிருந்தது. வெளியே ஒரு வேப்பங்கிளை. அதை முழுசாக வரைந்திருந்தான். இலை இலையாக.

ஏழையும் என் போனுக்கு மாற்றிக்கொண்டு நேராகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "கலரா, பிளாக் அண்ட் வொயிட்டா சார்?" என்று கேட்டான்.

"கலர்."

"வெறும் நீல பேனாதானே சார்? பிளாக் அண்ட் வொயிட்னா ரெண்டு ரூபாதான் ஆகும்."

"கலரே போடுப்பா" என்றேன்.